இடுப்பில் இருந்த கத்தியும் நாற்பது நிமிடமும்: ஒரு முதற்கட்ட மதிப்பீட்டின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கொலை வழக்கில் சிக்கிய பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி நான் இரண்டு அறிக்கைகள் எழுதினேன். முதல் அறிக்கையை அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதினேன். அது அவனுக்கு எதிராகத் திரும்பியது. எப்படித் திரும்பியது, அப்புறம் என்ன செய்தோம் என்பதை, என்னைப் போல, இளைஞர் நீதிக் குழுமங்களுக்கு உளவியல் அறிக்கை எழுதும் வேலையில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அதனால் ஊர், பெயர், சாதி எதுவும் இதில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இறந்தவரின் குடும்பத்தையும் அதே கவனத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

சம்பவம் நடந்தது 2022 இறுதியில், தமிழ்நாட்டின் ஒரு நகரத்து வாழைக்காய் மண்டியில். பையன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இரவில் லாரி வந்ததும் தார் இறக்குவது, விடியும்வரை சீப்பு அறுப்பது அவன் வேலை. அப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறார். இறந்தவருக்கு இருபத்தாறு வயது. அதே மண்டியில் லோடுமேன். மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள்.

காவல்துறையின் அறிக்கைப்படி நடந்தது இவ்வளவுதான்: முன்பணம் முந்நூறு ரூபாய் தொடர்பாக இருவருக்கும் விடிகாலையில் டீக்கடை முன்பு வாய்த்தகராறு. இறந்தவர் பையனைக் கையால் அடித்தார். பையன் போய்விட்டான். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துத் தொடையில் ஒரே குத்து. பெரிய ரத்தக்குழாய் அறுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வழக்கு, கொலைக்கான 302ஆவது பிரிவில் பதிவானது. அப்போது நடைமுறையில் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம்தான்.

பதினாறு வயது முடிந்த சிறார்மேல் கொலை போன்ற கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றம் செய்தானா இல்லையா என்பது அங்கே கேள்வி இல்லை. அதைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவைதான் கேள்வி. அதை வைத்து, குழுமமே விசாரிப்பதா, வயது வந்தவரைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவாகும். குழுமத்திலேயே இருந்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். மேலே போனால் அந்த வரம்பு இல்லை. ஒரு பையனின் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பதை ஏறக்குறைய இந்த ஒரு தாள்தான் தீர்மானிக்கிறது.

2022 ஜூலையில், பள்ளி மாணவன் ஒருவன் கொல்லப்பட்ட குருகிராம் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், நிபுணரின் உதவியைப் பெறுவது கட்டாயம். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் எனக்கு அழைப்பு வந்தது. பெரியவர்களின் குடும்ப வழக்குகளில் எனக்கு அனுபவம் இருந்தது. கொலை வழக்கில் இதுதான் முதல்முறை.

முதல் சந்திப்புகள்

விசாரணை நடக்கும்போது சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவனை முதலில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அவன் நகங்கள். வாழைக்கறை ஏறி, பத்து விரலும் கறுத்துக் கிடந்தன. அந்தக் கறை சோப்புக்கு அசையாது. தோலும் நகமும் வளர்ந்து கழிந்தால்தான் போகும். ஒவ்வொரு முறை போகும்போதும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நுனிக்குத் தள்ளிப்போயிருந்ததைக் கவனித்தேன்.

அவன் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் தேர்வில் சராசரிக்குச் சற்றுக் கீழே வந்தான். மனநோய் அறிகுறி எதுவும் இல்லை. போதைப் பழக்கம் இல்லை. தூக்கம் கெட்டிருந்தது. இதற்கு முன் யாரையும் காயப்படுத்தியதாகப் பதிவு இல்லை. காவல் நிலையத்துக்கு இரண்டு முறை சந்தேகத்தின் பேரில் அழைத்துப்போய் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் வழக்கு இல்லை.

இரண்டாவது சந்திப்பில் அவனாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “கால்ல குத்துனா எப்படி மேடம் சாவாங்க?”

இதை அவன் காவல் நிலையத்திலும் கேட்டிருக்கிறான். அங்கே அது நடிப்பு என்று எழுதப்பட்டது. நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தை அப்போது கொடுக்கவில்லை. என் மனம் வேறொன்றில் முன்பே உட்கார்ந்துவிட்டிருந்தது.

நான் கொண்டுபோன கோட்பாடு

அது என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரிக் காலத்திலிருந்தே, குற்றத்தை ஒரு மனிதனின் மண்டையோட்டுக்குள் தேடுவது தவறு என்ற கருத்தில் எனக்கு உறுதி உண்டு. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளி என்று ஒருவகை மனிதன் உண்டு, அவன் தாடையையும் நெற்றியையும் அளந்தே கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, முழு முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியிருந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் இன்றும் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. உயிரைக் கொடுத்து எதிர்த்த வரலாறு இந்த மண்ணில் இருக்கும்போது, ‘இயல்பிலேயே வன்முறையானவன்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும்.

எதிர்ப்பக்கத்தில் எனக்குப் பிடித்த பெயர்கள் இருந்தன. டச்சு அறிஞர் பொங்கர் 1905இல், முதலாளித்துவம் மனிதர்களிடம் அடுத்தவன்மேல் உள்ள அக்கறையைக் கொன்று சுயநலத்தை வளர்க்கிறது, குற்றம் அங்கிருந்து வருகிறது என்றார். 1938இல் அமெரிக்கச் சமூகவியலர் மெர்ட்டன், எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு வழியை மட்டும் சிலருக்கு அடைத்துவைக்கும் சமூகம் விதிமீறலை உண்டாக்குகிறது என்றார். இந்திய நிலவரமும் இந்தப் பக்கமே பேசுவதாக எனக்குத் தோன்றியது. 2022 இறுதியில் நம் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். மரண தண்டனைக் கைதிகளைப் பற்றி 2016இல் வந்த ஆய்வில், நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்.

இவை எல்லாம் உண்மை. இன்றும் இவற்றை நம்புகிறேன். ஆனால் இவை ‘சிறைக்குள் யார் இருக்கிறார்கள்’ என்ற கேள்விக்கான பதில்கள். குழுமம் என்னிடம் கேட்டது, இந்தப் பையன் அந்த விடிகாலையில் என்ன செய்தான் என்பது. ஒரு கேள்விக்கு வைத்திருந்த பதிலை இன்னொரு கேள்விக்கு எழுதிக் கொடுத்தேன்.

முதல் அறிக்கையும் அதன் விளைவும்

பதினொரு பக்கம் எழுதினேன். ஒன்பது வயதில், வட்டிக்காரர் ஆட்கள் அப்பாவைத் தெருவில் வைத்து அடித்ததைப் பார்த்தான். அன்றிரவு அப்பா அம்மாவை அடித்ததையும் பார்த்தான். பதின்மூன்று வயதிலிருந்து இரவு வேலை. குடும்பச் செலவில் பாதி அவன் கூலி. காவல் நிலையத்தில் காரணமில்லாமல் அடி. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, ‘இந்தச் செயலைத் தனிமனிதச் செயலாக மட்டும் பார்க்க இயலாது’ என்று முடித்தேன். எழுதி முடித்தபோது திருப்தியாக இருந்தது.

அடுத்த அமர்வில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் என் அறிக்கையை மறுக்கவே இல்லை. வரிக்கு வரி எடுத்துப் படித்தார். சிறு வயதிலிருந்து வன்முறையைப் பார்த்தவன். ஆகவே வன்முறைக்குப் பழகியவன். பதின்மூன்று வயதிலிருந்து சம்பாதித்துக் குடும்பம் நடத்துபவன். ஆகவே வயதை மீறிய முதிர்ச்சி உள்ளவன். காவல் நிலையத்தை முன்பே பார்த்தவன். ஆகவே சட்டத்தின் விளைவு தெரிந்தவன். மன வளர்ச்சிக் குறைபாடு இல்லை என்று நிபுணரே சொல்கிறார். கத்தியோடு வந்திருக்கிறான், நாற்பது நிமிடம் யோசித்திருக்கிறான். சட்டம் கேட்கும் மூன்றுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. இரக்கம் வரும் என்று நான் வைத்த ஒவ்வொரு தகவலும், சரியான இடத்தில் கட்டி வைக்காததால், யார் எடுத்தாலும் போகிற மாதிரி கிடந்தது. வறுமையைப் பற்றிய விவரத்துக்கு இந்தக் குணம் உண்டு. ஒருவர் கையில் அது பரிவுக்குக் காரணம். இன்னொருவர் கையில் அதே விவரம் ‘ஆபத்தானவன்’ என்பதற்குச் சான்று.

குழுமம் உடனே முடிவெடுக்காமல் கூடுதல் அறிக்கை கேட்டது. அதற்குக் குழுமத்தில் இருந்த நீதித்துறை நடுவருக்கு நான் நன்றிக்கடன்பட்டவள்.

வெளியே வராந்தாவில் இரண்டு பேர் சொன்னவைதான் அடுத்த வேலையைத் தீர்மானித்தன. ஒருவர் நன்னடத்தை அலுவலர். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பணியில் இருப்பவர். “நீங்க எழுதுனது அவனைப் பத்தி இல்ல மேடம், அவன் தெருவைப் பத்தி. அந்தத் தெருவுல முந்நூறு பசங்க இருக்காங்க. மிச்சப் பேரு யாரையும் குத்தலயே” என்றார்.

இன்னொருவர் இறந்தவரின் மனைவி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். நான் கடந்துபோகும்போது என்னைப் பார்த்தே கேட்டார். “அவன் ஏழை ஏழைன்னு எழுதியிருக்கீங்களாமே அக்கா. நாங்க என்ன பங்களாவுலயா இருந்தோம்? எங்க வீட்டுக்காரருக்கும் அதே மண்டி, அதே கூலிதான்.”

என்னிடம் பதில் இல்லை. பதினொரு பக்கத்தில் அவர் கணவரைப் பற்றி நான் எழுதியது ஒன்றரை வரி.

மண்டிக்குப் போனது

கூடுதல் அறிக்கைக்கு முதல் முடிவாக, இடத்தை நேரில் பார்ப்பது என்று தீர்மானித்தேன். நன்னடத்தை அலுவலரோடு ஒருநாள் விடிகாலை நான்கு மணிக்கு மண்டிக்குப் போனோம். லாரி வந்து நின்றிருந்தது. சருகு, சாணி, டீசல் எல்லாம் கலந்த வாடை. தார் இறக்கிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்தேன். ஒவ்வொருவன் இடுப்பிலும் கத்தி. வெட்டும் பக்கத்தில் பழந்துணி சுற்றி, வாழைநாரால் கட்டி, அரைக்கயிற்றில் செருகியிருந்தார்கள். சீப்பு அறுக்கக் கத்தி அவரவர்தான் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டதற்கு, “கத்தி இல்லாம வந்தா அன்னைக்கு வேலை கிடையாது” என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்.

‘கத்தியோடு வந்தான்’ என்ற வரியின் பாதி பலம் அங்கேயே போய்விட்டது. அலுவலகத்தில் வேலை செய்பவர் கத்தியோடு வந்தால் அது திட்டம். சீப்பு அறுப்பவன் இடுப்பில் கத்தி இருப்பது, எழுத்தர் சட்டைப்பையில் பேனா இருப்பது போலத்தான். வர்க்கம் இந்த வழக்குக்குள் உண்மையாகவே நுழைகிற ஒரு கதவு இது. முதல் அறிக்கையில் இது இல்லை. ஏனென்றால் நான் மண்டிக்குப் போகாமலே வறுமையைப் பற்றி எழுதியிருந்தேன்.

டீக்கடைக்காரர் இன்னொன்று சொன்னார். முன்பணம் கொடுப்பது கணக்குப்பிள்ளை. சிறு பையன்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மூத்த லோடுமேன் யாராவது பொறுப்பேற்க வேண்டும். இந்தப் பையனின் முந்நூறு ரூபாய்க்குப் பொறுப்பு இறந்தவர். அன்று காலை, எல்லார் முன்னாலும், கணக்குப்பிள்ளை அவரை அந்தப் பணத்துக்காக வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். கால் மணி நேரம் கழித்து அவர் டீக்கடை முன்னால் பையனைப் பிடித்திருக்கிறார்.

ஒன்பது வயதில் பையன் பார்த்த காட்சி எனக்கு அப்போதுதான் விளங்கியது. வட்டிக்காரர் ஆட்கள் அப்பாவை அடித்தார்கள், அப்பா அம்மாவை அடித்தார். அவமானம் எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்குத் திரும்பிப் போகவில்லை. கைக்கு எட்டியவர்மேல் இறங்கியது. அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபனோன், ஒடுக்கப்பட்டவனின் கோபம் முதலில் தன் சொந்த ஜனத்தின்மேலேயே பாய்கிறது என்று எழுதியது இதைத்தான். மண்டியில் கணக்குப்பிள்ளைக்கும் பையனுக்கும் நடுவில் இருந்த படிநிலை, இறந்துபோன லோடுமேன். அந்தப் பெண் வராந்தாவில் கேட்ட கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதிலின் தொடக்கம் இது. முழுப் பதில் இல்லை.

நாற்பது நிமிடம்

கத்தி ஏன் இடுப்பில் இருந்தது என்பதை அவன் தொழில் சொல்லிவிட்டது. அவன் ஏன் திரும்பி வந்தான் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த மூன்று சந்திப்புகளையும் அந்த நாற்பது நிமிடத்துக்கே ஒதுக்கினேன்.

ஒரு தாளில் மண்டித் தெருவை வரையச் சொன்னேன். டீக்கடை, குழாய், இலைக்கட்டு அடுக்கியிருக்கும் தாழ்வாரம் எல்லாம் வரைந்தான். எந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்று புள்ளி வைக்கச் சொன்னேன். குழாயடியில் முகம் கழுவினான். தாழ்வாரத்தில் உட்கார்ந்தான். அம்மாவுக்குப் போன் செய்தான். அம்மா மண்டபத்தில் வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் இரண்டு பையன்கள் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான்.

ஐந்தாவது சந்திப்பில்தான் ஒரு சொல் இடறியது. “அதால அடிச்சாரு” என்றான். எதால் என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. தன் காலைப் பார்த்தான்.

காவல்துறை அறிக்கையிலும் என் முதல் அறிக்கையிலும் ‘கையால் அடித்தார்’ என்றே இருந்தது. அப்படிச் சொன்னது அவனேதான். செருப்பால் அடி வாங்கியதை, கொலைக்குற்றம் தலைமேல் இருக்கும்போதுகூட, அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் தனக்குச் சாதகம் என்பதும் தெரியவில்லை. டீக்கடைக்காரரிடம் மறுபடி கேட்டோம். “ஆமா மேடம், செருப்பைக் கழட்டித்தான். பையன் மானத்தைக் காப்பாத்தலாம்னுதான் நான் சொல்லல” என்றார்.

மாசசூசெட்ஸ் சிறைகளில் பல ஆண்டு மனநல மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், கொடிய வன்முறையின் அடியில் அவமான உணர்வு இருப்பதையே திரும்பத் திரும்பக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர்கள் தாங்கள் வெட்கப்பட்டதைச் சொல்லவே வெட்கப்படுவார்கள் என்பது அவர் கவனிப்பில் முக்கியமானது. ஏழ்மையையும் அவர் இந்த வழியாகத்தான் வன்முறையோடு இணைக்கிறார். பணமில்லாமை நேரடியாகக் கத்தியைத் தூக்க வைப்பதில்லை. பணமில்லாதவனை எவரும் எப்போதும் சிறுமைப்படுத்தலாம் என்ற ஏற்பாடு அவனைச் சூழ்ந்திருக்கிறது. அதைத் தாங்க மானம் தரும் வேறு ஊன்றுகோல்களும், அதாவது படிப்பு, பதவி, பேசத் தெரிந்த வக்கீல் எதுவும், அவனிடம் இல்லை.

இதோடு வயதும் சேர்கிறது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்பருவத்தினர் அபாயமான முடிவுகளைக் கூடுதலாக எடுக்கிறார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை என்று 2005இல் ஒரு சோதனை காட்டியது. அந்த இரண்டு பையன்கள் வந்துபோனது முப்பதாவது நிமிடம். அடுத்த பத்தாவது நிமிடம் இவன் டீக்கடை முன்னால் நிற்கிறான்.

அவனுக்குச் சாதகமாக இல்லாததும் இருந்தது. அவன் தாழ்வாரத்திலிருந்து வீட்டுக்குப் போயிருக்கலாம், வழி திறந்தே இருந்தது. “மன்னிப்புக் கேட்க வைக்கணும்னுதான் போனேன்” என்றான். கத்தியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தது எப்போது என்று கேட்டேன். “நடக்கும்போதே” என்றான். அப்படியானால் டீக்கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு முடிவின் பாதி அவன் கையில் இருந்தது. இரண்டாவது முறை எதிரில் நின்றபோது இறந்தவர் என்ன சொன்னார் என்பதையும் எனக்குச் சொன்னான். அந்தச் சொற்களை இங்கே எழுதவில்லை. அவற்றில் வசவு இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கூடுதல் அறிக்கையும் உத்தரவும்

இந்த முறை ஆறு பக்கம். ஒவ்வொரு வாழ்க்கைத் தகவலையும் செயலின் எந்தக் கண்ணியோடு சேர்கிறது என்று கட்டி எழுதினேன். சேராததை விட்டுவிட்டேன். அப்பா ஓடிப்போனது போயிற்று. கத்தி தொழிற்கருவி என்பது வந்தது. செருப்படி வந்தது, அதை மறைத்த விதமும் வந்தது. துணி அவிழ்த்ததும் வந்தது. அதை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விட்டால், மற்ற எல்லாவற்றையும் சொல்ல எனக்குத் தகுதி இருக்காது என்று பட்டது.

விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் பற்றி எழுதும்போது, அவன் கேட்ட பழைய கேள்வியை அதற்குரிய இடத்தில் வைத்தேன். வயிற்றில் குத்தினால் சாவு, காலில் குத்தினால் காயம் என்பதுதான் அவன் அறிவு. குத்திவிட்டுப் பாட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறான். பிடிக்கப் போனபோது, “ஆஸ்பத்திரில எத்தனை தையல்?” என்று கேட்டிருக்கிறான். இரவு வேலை செய்து வீட்டைக் காப்பாற்றுவது முதிர்ச்சி ஆகுமா என்பதற்கும் நேராகப் பதில் எழுதினேன். சுமை தூக்கப் பழகுவது ஒன்று, கோபம் கொதிக்கும் பத்து நிமிடத்தைத் தாண்டப் பழகுவது வேறு. முதலாவதை வாழ்க்கை அவனுக்குக் கட்டாயமாகக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை யாரும் கற்றுத்தரவில்லை. சட்டம் மீறும் சிறாரை உளவியலர் மோஃபிட் 1993இல் பிரித்துக்காட்டிய இரண்டு வகையில், சிறு வயதிலிருந்தே வன்முறை தொடர்ந்துவரும் வகைக்கான அடையாளம் இவனிடம் இல்லை என்றும் எழுதினேன்.

குழுமம் பெரும்பான்மை முடிவாக வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரு உறுப்பினர் மாறுபட்டார்; துணி அவிழ்த்ததையே அவர் காரணமாகச் சொன்னார். மேல்முறையீட்டில் அமர்வு நீதிமன்றம் வேறொரு உளவியலரின் கருத்தைக் கேட்டுவிட்டு உத்தரவை உறுதிசெய்தது. விசாரணை முடிவில், ஏற்கெனவே இருந்த காலத்தையும் சேர்த்து, மூன்று ஆண்டு.

அதன் பிறகு

இல்லத்தில் முதல் ஆண்டு அமைதியாகப் போகவில்லை. எட்டாம் மாதம், புதிதாக வந்த ஒருவன் இவன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல, சாப்பாட்டுத் தட்டால் அடித்து அவன் நெற்றியில் நான்கு தையல். செய்தி கேட்டபோது, மாறுபட்ட அந்த உறுப்பினர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே ஆட்டம் கண்டது. அங்கிருந்த ஆலோசகர் என்னைவிடப் பொறுமைசாலி. ‘சமூகம் உன்னை இப்படி ஆக்கியது’ என்றும் சொல்லவில்லை, ‘உன் குணம் இது’ என்றும் சொல்லவில்லை. தட்டைத் தூக்குவதற்கு முன் உடம்பில் எங்கே சூடு ஏறியது என்று கேட்டு, வாரம் ஒருமுறை அதையே உட்கார்ந்து பேசினார். அடுத்த வருஷம் இதே மாதிரி ஒரு தகராறில் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றானாம். அவன் அதை எனக்குச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை. “கை நடுங்குச்சு மேடம்” என்றான்.

வெளியே வந்தபின் வேறு ஊரில் ஒரு இருசக்கர வாகனப் பட்டறையில் சேர்ந்தான். விடுதலையான சில மாதத்திலேயே, கோயில் திருவிழாவுக்கு முன்னெச்சரிக்கை என்று, ஒரு காவலர் அம்மா வீட்டுக்கு வந்து அவன் போட்டோ கேட்டிருக்கிறார். சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி இந்தத் தீர்ப்பால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. குழுமம் விசாரித்த வழக்கின் பதிவுகளும், உரிய காலம் கழிந்ததும், அழிக்கப்பட வேண்டியவை. நன்னடத்தை அலுவலர் அதைச் சுட்டிக் கடிதம் கொடுத்த பிறகு நின்றது. கொடுக்க ஆள் இல்லாத வீடுகளில் நிற்காது. ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் ஒழிந்துவிட்டது. திருவிழாவுக்கு முன்னால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற பழக்கம் ஒழியவில்லை.

இறந்தவரின் மனைவிக்கு வர வேண்டிய இழப்பீடு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அவர் இப்போது அதே மண்டியில் இலைக்கட்டு பிரிக்கிறார்.

என்ன மாற்றுவேன், என்ன மாற்றினேன்

இப்போது எந்த மதிப்பீட்டிலும் பேனாவைத் தொடுவதற்கு முன் வேலைசெய்யும் இடத்துக்குப் போகிறேன். வீட்டைவிட அது முக்கியம் என்று இந்த வழக்கு எனக்குக் காட்டியது. பையன் சொல்லாமல் விட்டதைத் தேடுகிறேன். குறிப்பாக, அடித்ததை ஒப்புக்கொண்டு அடிபட்டதைச் சுருக்குகிறானா என்று பார்க்கிறேன். அறிவுத்திறன் எண்ணை அதன் வரம்பு என்ன என்ற விளக்கம் இல்லாமல் தனியாக எழுதுவதில்லை.

ஒவ்வொரு வரியையும் எழுதியபின், வசதியான வீட்டுப் பையனின் அறிக்கையில் இதே வரி எப்படி வாசிக்கப்படும் என்று கேட்டுப் பார்க்கிறேன். 2024 மே மாதம் புனேயில், விலையுயர்ந்த காரை ஓட்டி இரண்டு பேர் சாவுக்குக் காரணமானதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுப் பையனுக்கு, சாலைப் பாதுகாப்பு பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு முதலில் ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்த பிறகுதான் அது மாறியது. அந்த வழக்கின் சட்டப்பிரிவு வேறு, நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும், ஒருவனுக்குச் ‘சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான்’ என்று முதலில் தோன்றுவதும், இன்னொருவனுக்கு ‘வயதை மீறிய முதிர்ச்சி’ என்று முதலில் தோன்றுவதும் எங்கிருந்து வருகிறது என்பதை என் போன்றவர்கள் அறிக்கை எழுதும் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. மேல்முறையீடு முடிந்த அன்று இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. “கடைசியா அவரு என்ன சொன்னாருன்னு அந்தப் பையன் உங்ககிட்ட சொன்னானா அக்கா?” என்று கேட்டார். சொன்னான். அது என் அறிக்கையில், உறைக்குள், ரகசியம் என்ற முத்திரையோடு இருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பையன் தானாகச் சொல்ல விரும்பினாலும், இருவரையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் ஏற்பாடு எங்கள் மாவட்டத்தில் இல்லை. வெளியே வருவதற்கு முன் அவன் ஒரு கடிதம் எழுதி நன்னடத்தை அலுவலரிடம் கொடுத்தான். அவர் அதை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். அந்தப் பெண் இலைக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், இப்போது வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றிருக்கிறார். கடிதம் இன்னும் அலுவலரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.